மோட்டார் எரியும் முன் வாடை வரும்

2022 பிப்ரவரியில் ஒரு நாள். எங்கள் ஷூ கம்பெனித் தையல் லைனில் வெள்ளைத் தோல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது மிஷினில் இருந்த பெண்ணுக்கு விரலில் ஊசி இறங்கிவிட்டது. "அக்கா!" என்று ஒரு சத்தம். ஓடினேன். ஓடிப் போய் நான் முதலில் பார்த்தது அவள் விரலை இல்லை, அப்பரில், அதாவது ஷூவின் மேல்தோலில், ரத்தம் பட்டிருக்கிறதா என்று. பட்டிருந்தது. "ஐயோ, ஒரு ஜோடி போச்சே" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதற்கு அப்புறம்தான் விரலைப் பிடித்தேன்.

அந்தப் பெண்ணுக்கு 20 வயசு. என் பெரிய மகளைவிட மூன்றே வயசு மூத்தவள். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "சாரி மேடம்" என்றாள். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கக்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து, ராத்திரி கம்பெனி பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவு லைன் சூப்பர்வைசர். கம்பெனி பெயர் வேண்டாம். வீடு குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமம். வீட்டுக்காரர் கைலித் தறி ஓட்டுகிறார். 19 வயதில் நூல் வெட்டும் ஹெல்ப்பராகச் சேர்ந்து, டெய்லராகி, செக்கராகி, 35 பேர் உள்ள லைனுக்குப் பொறுப்பானேன். கண்ணை மூடிக்கொண்டு அப்பரைத் தடவினாலே தையல் எங்கே தாண்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு கட்டத்தில் கையில் இருப்பது இடது காலா வலது காலா என்பதே குழம்பியது.

'பர்ன் அவுட்', அதாவது வேலையில் ஆள் கருகிப்போவது, ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு வரும் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நமக்கெல்லாம் "டயர்டா கீது", அவ்வளவுதான். அது தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தோல் கம்பெனியோ, பள்ளிக்கூடமோ, பேங்க்கோ, உங்கள் வேலைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

எது களைப்பு, எது கருகல்

எங்கள் பழைய மெக்கானிக் ஒருவர், கிளட்ச் மோட்டார் காலத்து ஆள். ஒருமுறை ஒரு டெய்லரின் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. "இப்பதான்ணே, திடீர்னு போய்டுச்சு" என்றாள் அந்தப் பெண். அவர் சிரித்தார். "மோட்டார் ஒரே நாள்ல எரியாதும்மா. மொதல்ல சூடாவும். அப்பால வாடை வரும். நீ தோல் வாடைன்னு நெனச்சிகினு ஓட்டிகினே இருந்துகீற."

கருகலும் அப்படித்தான் வருகிறது. களைப்பு என்றால் தூங்கினால் போகும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு மதியம் ஒரு தூக்கம் போட்டால், திங்கட்கிழமை உடம்பு எழுந்துகொள்ளும். கருகலில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் எழும்போதே அசதியாக இருக்கும்.

என் மகள் இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அவள் பாடத்திலிருந்து சொன்னது இது. 1974இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்கிற மனநல நிபுணர், இலவச கிளினிக்கில் வேலை செய்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இப்படி ஆவதைப் பார்த்து இந்தப் பெயரில் எழுதினாராம். அவருக்கே அது வந்திருந்ததாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு வரையறை கொடுத்தது. நோய் என்று சொல்லவில்லை. வேலையில் வரும் நெருக்கடியைச் சரியாகக் கையாள முடியாமல் நீண்ட நாள் போனால் வரும் நிலை என்றது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி எல்லாவற்றின் மேலும் கசப்பு வருவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று கைத்திறமை மேலேயே நம்பிக்கை போவது.

முதலாவது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதும் சீக்கிரம் தெரிந்துவிடும், ஏனென்றால் ரிவொர்க் ஏறும், மேனேஜர் கத்துவார். நடுவில் இருப்பதைத்தான் நாம் கோட்டை விடுகிறோம். அது நம் கண்ணுக்கு நம்முடைய கெட்டிக்காரத்தனம் மாதிரி தெரியும்.

எனக்கு எப்படி இருந்தது என்றால், லைனில் இருந்தவர்களைப் பெயர் சொல்லி நினைப்பதை விட்டுவிட்டேன். 'அஞ்சாம் மிஷின்', 'ஸ்கைவிங்' (தோல் ஓரத்தைச் சீவும் வேலை), 'அந்த லீவு பார்ட்டி' என்று ஆகிவிட்டார்கள். ஒரு பெண் மாசமாக இருக்கிறேன் என்று சொன்னபோது, மனசு முதலில் கணக்குப் போட்டது எத்தனை மாசம் ஆள் குறையும் என்று. யாராவது சிரித்துப் பேசினால் எரிச்சல். யாராவது அழுதால், நடிக்கிறாள் என்று தோன்றும். அதையெல்லாம் நான் 'ஸ்ட்ரிக்ட் ஆகிட்டேன்' என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜரும் அப்படியே நினைத்து, "இப்பதான் நீ சூப்பர்வைசர் மாதிரி இருக்க" என்று பாராட்டினார். வாடையைச் சென்ட்டு என்று சொல்வது போல.

சின்னச் சின்ன வாடைகள் இன்னும் உண்டு. ஞாயிறு சாயங்காலம் நாலு மணி ஆனதும் வயிற்றைப் பிசையும். போனில் கம்பெனி குரூப் சத்தம் கேட்டால் தோள்பட்டை தானாக மேலே ஏறும். காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பஸ் பிரேக்டவுன் ஆனால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். ஒரு நாள் எனக்கு, லேசாக ஒரு ஆக்சிடென்ட் ஆகிக் கை உடைந்தால் ஒரு மாசம் படுக்கலாமே என்று தோன்றியது. இப்படித் தோன்றினால் இனித் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் ரத்தம்

மனசைப் பற்றிப் பேசும் முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். இதை நான் கடைசியில் செய்தேன். நீங்கள் முதலில் செய்யுங்கள்.

எனக்கு ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பாதிக் களைப்பு அங்கேதான் இருந்தது. ரத்த அளவு, தைராய்டு, சர்க்கரை, முடிந்தால் பி12, இவற்றைப் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) டிஸ்பென்சரியிலோ கேளுங்கள். இரும்பு மாத்திரை கொடுத்தால் டீயோடு விழுங்காதீர்கள், டீ அதைச் சேர விடாது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எங்கள் லைனில் பாதிப் பேர் அதைப் பார்த்துப் பயந்தே மாத்திரையை நிறுத்தியவர்கள்.

தண்ணீர் விஷயமும் உண்டு. எங்கள் ஊர் வெயில் தெரியுமே, கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும், தகர ஷெட்டுக்குள் இன்னும் அதிகம். பெண்கள் பாத்ரூம் போக ஆள் மாற்றிவிட்டுப் போகணும் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மதியம் தலைவலி, எரிச்சல், பீஸ் தப்பு. இதற்குக் கவுன்சலிங் தேவையில்லை, சொம்புத் தண்ணீர் போதும். சூப்பர்வைசர்கள் இதைப் படித்தால், பாத்ரூம் போகும் பெண்ணைப் பார்த்துக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நானும் பார்த்தவள்தான்.

இன்னொன்று முக்கியம். கருகல் வேலையைச் சுற்றித்தான் இருக்கும். திருவிழாவுக்குப் போனால், தங்கச்சி வீட்டுக்குப் போனால், கொஞ்சமாவது முகம் மலரும். குடியாத்தத்தில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா வருகிறது, ஊரே கூடுகிறது, உங்களுக்குப் பிடித்தவர்கள் எல்லாம் வந்திருக்கிறார்கள், அப்போதும் உள்ளே ஒன்றுமே அசையவில்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இருக்கிறது, சாப்பாடு தூக்கம் இரண்டும் கெட்டிருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு டாக்டர் வேண்டும், மருந்து வேண்டியிருக்கலாம். செத்துப் போகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் இந்தக் கட்டுரையை அப்படியே விட்டுவிட்டு 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்துடையது, இலவசம், எந்த நேரமும், தமிழில் பேசலாம். 104லும் பேசலாம். நான் 104க்குத்தான் முதலில் பேசினேன், மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில். எதிர்ப்பக்கம் பேசிய அம்மா கேட்ட முதல் கேள்வி, "சாப்டீங்களா?"

லீவு போட்டேன், தீரவில்லை

நாலு நாள் லீவு எடுத்து ஆற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். தூங்கினேன், மறுபடி தூங்கினேன், மக்கன் பேடா சாப்பிட்டேன். அக்கா ஒரு வேலை செய்ய விடவில்லை. நாலாவது நாள் நான் பழைய நான் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். திங்கட்கிழமை லைனுக்குப் போனேன். புதன்கிழமை மதியமே பழைய வாடை வந்துவிட்டது.

அப்போதுதான் எங்கள் தொழில் பாடமே நினைவுக்கு வந்தது. ஃபைனல் செக்கிங்கில் ஒரு அப்பர் சுருங்கி வந்தால், கடைசியாகத் தொட்ட டெய்லரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பின்னால் போகணும். மடிப்பில் தப்பா, ஸ்கைவிங்கில் தோல் அதிகமாகச் சீவிவிட்டதா, கிளிக்கிங்கில் தோலின் இழுவை பார்க்காமல் வெட்டினார்களா என்று ஒவ்வொரு ஆபரேஷனாகப் பின்னால் நடக்கணும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ரிஜெக்ட் ஆன பீஸையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்த பீஸ் நான். லீவு என்பது அந்த பீஸைத் துடைத்துத் திரும்ப அதே லைனில் விடுவது.

நீள நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டர் மாதிரி ஒரு நீள நோட்டு வாங்குங்கள். எது உங்களை அழுத்துகிறதோ, அது நடந்த பத்து நிமிஷத்துக்குள் ஒரு கோடு போடுங்கள். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. பக்கத்தில் மணி, நடந்தது என்ன என்று நாலு வார்த்தை. 'மனசு கஷ்டமா இருந்துச்சு' என்று எழுதாதீர்கள், அது எதற்கும் உதவாது. '10.20, சொல்லாம ரெண்டு டெய்லரை பக்கத்து லைனுக்கு எடுத்தாங்க' என்று எழுதுங்கள். மூன்று வாரம். குறையக் கூடாது, ஏனென்றால் முதல் வாரம் கோபத்தில் எல்லாவற்றுக்கும் கோடு விழும்.

வீட்டில் நடப்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். வேலை வேறு, வீடு வேறு என்று உடம்புக்குத் தெரியாது.

மூன்று வாரம் முடிந்ததும் ரகம் பிரியுங்கள். கிறிஸ்டினா மாஸ்லாக் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் இந்தக் கருகலைப் பல வருஷம் ஆராய்ந்தவர். அதை அளக்க 1981இல் ஒரு கேள்வித்தாளே கொண்டுவந்தார். அவரும் மைக்கேல் லைட்டர் என்பவரும் வேலையில் ஆறு இடத்தில் பொருத்தம் கெட்டால் ஆள் கருகுவார் என்கிறார்கள். என் மகள் சொன்னதை நான் நம்ம பேச்சில் வைத்துக்கொண்டேன்: சுமை, நம் கையில் இருக்கும் அதிகாரம், கூலியும் பாராட்டும், கூட வேலை செய்யும் ஆட்கள், நியாயம், மனசுக்கு ஒப்பாத வேலை. ஒவ்வொரு கோட்டையும் இந்த ஆறில் எதில் சேரும் என்று பாருங்கள்.

என் நோட்டில் மொத்தம் 112 கோடு. நான் என்ன எதிர்பார்த்தேன்? டார்கெட்தான், ஒரு நாளைக்கு 400 ஜோடி, அதுதான் என்னைக் கொல்கிறது என்று. டார்கெட்டுக்கு விழுந்தது வெறும் 14. ராத்திரி போனுக்கு 27. வீட்டுக்கு 19. உதிரியாக 11. மிச்சம் 41 கோடும் ஒரே ரகம்: பொறுப்பு என் தலையில், அதிகாரம் வேறு ஆள் கையில். சொல்லாமல் ஆள் எடுப்பது, சொல்லாமல் ஸ்டைல் மாற்றுவது, மிஷின் நின்றால் மெக்கானிக் எந்த லைனுக்கு முதலில் போகணும் என்பதை வேறு ஒருவர் முடிவு செய்வது. ஆனால் சாயங்காலம் 'ஏன் 400 வரல' என்ற கேள்வி மட்டும் என்னிடம்.

அந்தக் கணக்கைப் பார்த்ததுமே பாதி பாரம் இறங்கியது என்று சொன்னால் மிகை இல்லை. நான் சோம்பேறி ஆகவில்லை, எனக்குக் கெட்ட புத்தி வரவில்லை. ஸ்கைவிங்கில் தப்பு.

உங்களுக்கு வேறு ரகம் வரலாம். என் தங்கச்சி ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அவள் நோட்டில் நியாயம் என்ற ரகத்தில்தான் குவிந்தது. அவளைவிடப் பின்னால் வந்தவருக்குச் சம்பளம் அதிகம். அவளுக்கு நான் சொல்லும் மருந்து வேலைக்காகாது.

மேனேஜரிடம் போவது

நாள் பார்த்துப் போகணும். கல்யாணத்துக்கு மட்டுமா நல்ல நாள் பார்ப்பது? திங்கட்கிழமை வேண்டாம், ஷிப்மென்ட் வாரம் வேண்டவே வேண்டாம், பையர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் வாசலில்கூட நிற்காதீர்கள். நான் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி டீக்கு அப்புறம் போனேன்.

'ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'யாருக்குத்தாம்மா இல்ல' என்பார், பேச்சு முடிந்தது. எண்ணோடு போங்கள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சார், மூணு வாரத்துல 17 தடவை என் லைன்ல இருந்து ஆள் எடுத்துருக்காங்க. அதுல 9 நாள் டார்கெட் வரல. ஆள் எடுக்காதீங்கன்னு நான் சொல்லல. எடுத்தா அன்னிக்கு போர்டுல டார்கெட்டையும் ஆளுக்கேத்த மாதிரி மாத்தி எழுதுங்க. அப்புறம், ஸ்டைல் மாத்துறதா இருந்தா மொத நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்குச் சொல்லிடுங்க. ஒரு எக்ஸ்ட்ரா டெய்லர் குடுத்தா ரெண்டு லைனுக்கும் நான் பாத்துக்குறேன்."

மூன்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த செவ்வாய் மறுபடி போனேன், புது வாரத்தின் பக்கத்தோடு. அதற்கும் அடுத்த வாரம் போர்டில் டார்கெட் 400க்குப் பதில் 370 என்று எழுதியிருந்தது. ஆள் இரண்டு பேர் குறைவு அன்று. ஸ்டைல் விஷயமும் பெரும்பாலும் முன்கூட்டியே வர ஆரம்பித்தது. எக்ஸ்ட்ரா டெய்லர் இன்றுவரை வரவில்லை. பாஸ் மார்க்தான்.

ராத்திரி போனுக்கு நான் யாரையும் கேட்கவில்லை. எட்டரைக்கு மேல் குரூப்பை மியூட்டில் போட்டேன். சாயங்காலம் கிளம்பும் முன் மறுநாளைக்கான விஷயங்களை நானே ஒரு மெசேஜாகப் போட்டுவிடுவேன்: எத்தனை பேர், எந்த ஸ்டைல், என்ன பாக்கி. ராத்திரி கேள்வி வருவதே பாதி, பதில் தெரியாததால்தான். முதல் வாரம் "ஏன் ரிப்ளை பண்ணல" என்று கேட்டார்கள். "தூங்கிட்டேன் சார்" என்றேன். தூங்கினேன் என்பது பொய்யும் இல்லை.

வீடு

2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் மாதனூர் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அதற்கு அப்புறம் எங்கள் பஸ் சுற்றிக்கொண்டு போக, காலையில் அரை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டி வந்தது. ஆற்றில் தண்ணீர் வந்ததே என்று ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். ஆனால் அந்த அரை மணி நேரம் என் தூக்கத்திலிருந்துதான் போனது. நோட்டில் கோடு போடும்வரை அது எனக்குத் தெரியவில்லை. நாலு மணிக்கு எழுந்து குழாய்த் தண்ணீர் பிடித்து, சமைத்து, மூன்று டப்பா கட்டி, ஓடி.

வீட்டில் உதவி கேட்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க' என்றால் வேலை நம்மிடமே இருக்கும், கூப்பிடும் வேலை கூடுதல். ஒரு வேலையை முழுசாகக் கைமாற்றி விடணும், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. தண்ணீர் வேலையை வீட்டுக்காரருக்கு விட்டேன். சின்னவன் டிபன் டப்பா மாமியாருக்கு. பயந்துகொண்டுதான் கேட்டேன். வீட்டுக்காரர் சொன்னார், "இத்தினி நாளா இன்னாத்துக்கு கேக்காம கெடந்த?" எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இதைக் கேட்டுத்தான் செய்யணுமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். தண்ணீர் முக்கியம். முதல் வாரம் இரண்டு குடம் குறைந்தது. நான் எழுந்து போகவில்லை. மாமியார், டப்பாவில் தினமும் தயிர் சாதமே கட்டினார். பையன் ஒன்றும் இளைத்துவிடவில்லை.

சாப்பாட்டு அரைமணியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அதுவரை நின்றபடி நாலு வாய். நாலு மணிக்கு மேல் டீயை விட்டேன், தூக்கத்துக்காக. யோகா, மூச்சுப் பயிற்சி எல்லாம் நல்லதுதான் என்கிறார்கள், எனக்கு ஒட்டவில்லை. ஞாயிறு காலையில் மாமியாரோடு காய்கறிச் சந்தைக்கு நடப்பதுதான் எனக்கு ஒத்துக்கொண்டது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு அவர் பேரம் பேசுவதை வேடிக்கை பார்ப்பதே ஒரு ஓய்வு.

உரிமை என்று ஒன்று இருக்கிறது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழிற்சாலை வேலையில் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓவர்டைம், அதற்கு இரண்டு மடங்கு கூலி. தேவையான நாள் வேலை செய்திருந்தால், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு லீவு சேரும். பலர் அதை எடுக்காமலே விடுகிறார்கள். சம்பளம் 21,000க்குள் இருந்து ஈஎஸ்ஐ பிடித்தம் ஆகிறது என்றால், ஈஎஸ்ஐ டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுக்கும் நோய் லீவுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா கட்டியிருக்கணும், முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. மனநல சிகிச்சைக்கும் ஈஎஸ்ஐ உண்டு. வேலூரில் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியே இருக்கிறது. எனக்கு ரத்தசோகைக்காக ஒரு வாரம் இப்படி எடுத்தேன்.

எல்லா மேனேஜரும் போர்டை மாற்றி எழுதமாட்டார்கள். மூன்று தடவை எண்ணோடு போயும் ஒன்றும் அசையவில்லை என்றால், அந்த லைன் மாறாது, நீங்கள்தான் மாறணும். 'வேலையை விட்டுடு' என்று சொல்வது சுலபம். வாரா வாரம் குழுக் கடன் கட்டுகிறவளிடம் அதைச் சொல்லக் கூடாது. முதலில் பிரிவு மாறக் கேளுங்கள். ஸ்டிச்சிங்கிலிருந்து சாம்பிள் ரூமுக்குப் போன ஒருத்தி, சம்பளம் அதேதான், ஆள் பத்து வயசு குறைந்த மாதிரி ஆனாள். அதுவும் இல்லை என்றால் வேறு கம்பெனி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தோல் தெரிந்த கைக்கு இந்தப் பக்கம் இடம் உண்டு. கையில் இரண்டு மாசக் கடன் தவணைக்கான காசு சேரும்வரை வாயைத் திறக்காதீர்கள். அந்தக் காசு சேர ஆரம்பித்ததுமே கொஞ்சம் மூச்சு வரும், அது தனி விஷயம்.

விட்டுப்போனவர்கள்

கருகும்போது நாம் மட்டும் எரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சூடு படும். தூக்கம் சரியாகி, ரத்தம் 11க்கு மேல் ஏறிய பிறகு, அந்த மூன்றாவது மிஷின் பெண்ணிடம் போனேன். "அன்னிக்கு நான் உன் விரலைப் பாக்காம பீஸைப் பாத்தேன். அது தப்பு" என்றேன். "பரவால்ல மேடம்" என்றாள். மேடம்தான். ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது ஒரு தூக்கு கொண்டுவந்து, "அக்கா, எங்க வூட்டுக் கூழு" என்று வைத்துவிட்டுப் போனாள். மன்னிப்பு கேட்டால் உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஐந்து மாசம் ஆகும்.

உங்கள் கீழே ஆள் வேலை செய்கிறார்கள் என்றால், அதிகம் புலம்புகிறவளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். புலம்பிக்கொண்டிருந்து திடீரென்று புலம்பலை நிறுத்தினவளைப் பாருங்கள். சரியான நேரத்துக்கு வருவாள், தலை நிமிரமாட்டாள், டீ நேரத்தில் மிஷினிலேயே உட்கார்ந்திருப்பாள். அவளிடம் 'என்ன பிரச்சினை' என்று கேட்காதீர்கள், 'ஒண்ணியும் இல்ல மேடம்' என்பாள். 'சாப்டியா' என்று கேளுங்கள். டப்பாவைத் திறந்து உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும்.

எனக்கு முழுசாகச் சரியாக எட்டு மாசம் ஆனது. நடுவில் இரண்டு தடவை சறுக்கினேன், இரண்டும் ஷிப்மென்ட் மாசம். நோட்டை இன்னும் விடவில்லை. தினமும் இல்லை, மாசத்துக்கு ஒரு வாரம் போடுவேன். போன வாரம் 23 கோடு. அதில் 15 ஒரே ரகம்: தோல் வெட்டும் கிளிக்கிங் பிரிவிலிருந்து வரும் கட்டுகளில் சைஸ் நம்பர் கலந்து கலந்து வருகிறது. கிளிக்கிங் சூப்பர்வைசரிடம் போய்ப் பேசணும். அவர் சம்பளம் போட்ட மறுநாள்தான் கொஞ்சம் நல்ல முகத்தோடு இருப்பார். இன்னும் நாலு நாள் இருக்கிறது.